சங்கு கேட்கும் தூரம்

தவசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரிகிறது. மதுரையில் ஒரு பஞ்சாலையில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். எனக்கு ஷிப்டு வேலை, ஞாயிறு லீவு. அவன் ரிப்பேர் பிட்டர். மெஷின் நின்றுபோனால் ஆலைச் சங்கு இரண்டு தரம் ஊதும். அவன் ஓடி வரவேண்டும். ரிப்பேர் பார்த்த மணிக்கு மட்டும்தான் கூலி. மற்ற நேரமெல்லாம் சங்கு கேட்கும் தூரத்தில் கிடக்க வேண்டும், அதற்குச் சல்லிக்காசு கிடையாது. ஒரு தரம் தவறினால் சீட்டு கிழிந்தது. வண்டியூர்த் தெப்பத் திருவிழாவுக்குக்கூடப் போகமாட்டான். "நாய்க்கு வேலையில்ல, நிக்க நேரமில்ல" என்று கேலி பண்ணுவோம். சிரித்துக்கொள்வான், பாவி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் பேரையூரில் அவன் தங்கச்சி செல்லத்தாய் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். தாய் தகப்பன் போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று அவளுக்கு இவன் ஒருத்தன்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்தவேண்டும்! தோடு வாங்கி வைத்துவிட்டு, ஆலை இஞ்சினியர் சுப்பராமனிடம் போய் நின்றான்.

"வேலை இல்லாட்டிக் கூலி இல்லங்கிறீக. அப்ப அந்த நாளு என் நாளுதானய்யா?"

"சங்கு ஊதினா?"

"அப்பக் காத்துக்கெடக்குற நேரத்துக்காச்சும் கூலி போடுங்கய்யா."

"வீட்டுல சும்மா உக்காந்திருக்கறதுக்கா? நன்னாயிருக்கே நியாயம்!"

கூலியும் இல்லை, லீவும் இல்லை என்று அனுப்பிவிட்டார் அந்த மனுஷன். கடைசியில் தவசி தோளில் கிடந்த துண்டை எடுத்து, தோட்டை அதில் முடிந்து, ஞாயிறு லீவில் காதுகுத்துக்குப் போகவிருந்த என்னிடம் கொடுத்தான். "நல்லகாமண்ணே, இத விரிச்சு அதுமேல பிள்ளைய உக்காத்தச் சொல்லுங்க."

என்னைத் தனியாகப் பார்த்ததுமே செல்லத்தாய் முகம் செத்துப்போனது. துண்டை நீட்டினேன்.

"துண்டா எம்பிள்ளைய மடியில வச்சுக்கிரும்?" என்றாள்.

புருஷன் பக்கத்து ஆள் ஒருத்தர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். முடிச்சைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. அப்படியே என் கையில் திருப்பித் தந்தாள். "பொறந்த வீட்டு உறவு அம்புட்டுத்தேன்னு சொல்லிருங்கண்ணே."

திரும்பி வந்தபோது தவசி ஆலையைப் பார்த்தபடி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"ஊதுச்சாடா?"

"இல்லண்ணே. நாள் பூரா ஊதவே இல்ல."

துண்டை வாங்கி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், மறைப்பானேன்.

அதற்கப்புறம்தான் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து, காத்திருக்கிற நேரத்துக்கும் கூலி வேண்டும் என்று மனுப் போட்டான். விசாரணையில், காதுகுத்து அன்றைக்கு என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள். "சங்கு ஊதுதான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்யா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மனு தள்ளுபடி. மறு மாசமே வேறு பிட்டரை வைத்துக்கொண்டு இவனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இனி எந்த ஊருக்குப் போனால் யார் கேட்பது? அதே தோட்டை எடுத்துக்கொண்டு பேரையூருக்குக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். வாசலில் விளையாடிய பிள்ளையின் காதில் வேறு தோடு கிடந்தது.

"ஆத்தா, யாரோ வந்திருக்காக!"

செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள். அண்ணன் என்று வாயெடுக்கவில்லை.

"மில்லுக்காரரு வந்திருக்காரு தாயி. தண்ணி கொண்டாந்து குடு."

தவசி தண்ணீரை வாங்கிக் குடித்தான். வேலை போனதை அவளிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.