முழுக்குத் தண்ணீர்

லாசல்ஸ் பின்னக்கை எங்கள் கல்லூரியில் எல்லோரும் மாஸ் பின்னக் என்பார்கள். மலைக்காரர்கள் வயதில் மூத்த ஆணுக்குத் தரும் மரியாதை அது. மரியாதை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். கழிவறை அடைத்துக்கொண்டால் மாஸ் பின்னக். ஆராதனைக் கூடத்துக் கூரையில் வௌவால் செத்து நாறினால் மாஸ் பின்னக். பெண்கள் விடுதிச் சுவரில் பல்லி தென்பட்டால், அலறிக்கொண்டு கட்டில்மேல் ஏறி நின்று, மாஸ் பின்னக்.

அவருடைய அம்மா இங்கே துணி வெளுத்தவர். பதினெட்டு வயதில் மாஸ் பின்னக்குக்குத் தோட்ட வேலை தருவதாகச் சொன்னார்கள். சபையில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே வேலை என்றும் சொன்னார்கள். அடுத்த ஞானஸ்நானத்தில் வரிசையில் நின்று முங்கி எழுந்தார். மறுநாள் காலை மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். விசுவாசம் பிறகாவது வந்ததா என்று ஒருமுறை கேட்டேன்.

"வந்துச்சு மிஸ். சம்பளம் மாதிரிதான், கொஞ்சம் லேட்டா."

நான் அங்கே இசை சொல்லிக்கொடுத்தேன். ஆராதனையில் ஆர்கன் வாசித்தேன். ஆர்கனுக்குப் பக்கத்திலேயே, மேடைப் பலகைகளுக்கு அடியில், முழுக்குத் தொட்டி. ஞானஸ்நானத்தன்று பலகைகளைத் தூக்கிவிடுவார்கள். அதனால் சபையில் வேறு யாரையும்விட அந்தத் தண்ணீரை நான் அருகில் பார்த்தவள்.

கிங்ஸ்டன் நகரத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் எங்கள் மலையில் ஆறு கிடையாது. கிணறு தோண்டினால் சிவப்பு மண்தான் வரும். கூரையில் விழும் மழையைத்தான் டாங்கில் பிடித்துக் குடிக்கவேண்டும். கல்லூரியைத் தொடங்கிய வெள்ளைக்காரப் போதகர் ஆராதனைக் கூடத்துக்கு அவ்வளவு பெரிய கூரை போட்டது பக்தியால் அல்ல, தாகத்தால் என்று நினைக்கிறேன். கல்லூரியைப் பற்றி வெளிநாட்டுக்கு அனுப்பும் பளபளப்பான தாளில் 'ஜீவத்தண்ணீரின் ஊற்று' என்று அச்சடித்திருக்கும். அதே தாளில் நூலகத்தின் படமும் இருக்கும். அந்த நூலகத்தில் பாதி, பனிப்பிரதேச சபைகள் தூக்கி எறிந்த புத்தகங்கள். பனியில் கார் ஓட்டுவது எப்படி என்பதற்கு மட்டும் நாலு பிரதி. சாப்பாட்டுக் கூடத்தில் சபை விதிப்படி கறி கிடையாது. சோயாவை அரைத்துக் கறி என்று நம்பச் சொல்வார்கள். மாணவர்கள் அதைக் கிளறிவிட்டு, இருட்டியதும் மலையடிவாரத்தில் டின்னில் வாட்டும் கோழிக்கு இறங்கிப் போவார்கள். திரும்பி வந்து வாயைக் கொப்பளித்துவிட்டு மாலை ஜெபத்தில் பாடுவார்கள். யாருக்கும் எதுவும் வாடை அடிக்காது. அதுதான் அங்கே முதலில் கற்றுக்கொள்ளும் பாடம்.

மாஸ் பின்னக்குக்கு ஒரே மகள், ஆர்லீன். ஆசிரியப் படிப்பில் கடைசி வருடம். ஊழியர் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, தகப்பன் சபையில் 'நல்ல நிலையில்' இருக்கும்வரை. எது நல்ல நிலை என்பதை முதல்வர் பாஸ்டர் லின்டோ தீர்மானிப்பார். கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டால் ஆர்லீனுக்கு அரசுப் பள்ளியில் வேலை. அதற்காகவே அந்த மனிதர் வௌவால்களை அள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் மார்ச்சில் மழை வரவில்லை. தண்ணீர் லாரி வரும் என்றார்கள், வரவில்லை. பெண்கள் விடுதி டாங்கின் அடியில் இருந்ததை ஜெப வாரத்தின் கடைசி நாளுக்காக முழுக்குத் தொட்டிக்கு ஏற்றினார்கள். நாற்பது பேர் முங்கினார்கள். மெக்கானிக் ஒருவன் முழங்கை மடிப்பில் கிரீஸோடு இறங்கினான். கீழ் ஊர் மிஸ் டோர்காஸ், வருடக்கணக்கில் ஆறாத கால் புண்ணோடு, கட்டை அவிழ்க்காமல் இறங்கினாள். ஏறும்போது கட்டு இல்லை. தலையெண்ணெய் தண்ணீர்மேல் வட்டவட்டமாகப் படர்ந்தது. ஒட்டுநகம் ஒன்று என் பக்கமாக மிதந்து வந்து பலகையில் முட்டி நின்றது. நான் அல்லேலூயா வாசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பயிற்சி அறையில் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறைக்கும் முதல்வர் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான்.

"அந்தத் தண்ணிய டாங்குக்கே திருப்பி விட்டுடுங்க பிரதர்" என்றார் பாஸ்டர் லின்டோ, மாஸ் பின்னக்கிடம். "பம்ப திருப்பி மாட்டினா போயிடும்ல?"

"போகும் பாஸ்டர். எப்பவும் வாழைக்குத்தானே விடுவோம். அது அழுக்குத் தண்ணி."

"எது அழுக்கு? நாப்பது பேர் பாவத்தைக் கழுவின தண்ணி. அதவிட சுத்தம் எங்க இருக்கு?"

"பாவத்தைக் கழுவினது சரி பாஸ்டர். காலையும்ல கழுவியிருக்கு."

பாஸ்டர் சிரித்தார். அவருக்கு நல்ல சிரிப்பு. "பிளீச்ச ஊத்துங்க. டாங்க் காஞ்சு கிடக்குன்னு சுகாதாரத்துக்காரன் பாத்தான்னா விடுதிய மூடிடுவான். பிள்ளைங்க மூட்டை கட்டும். பரீட்சை போச்சு. உங்க ஆர்லீனுக்கு இது கடைசிப் பரீட்சைதானே?"

"ஆமா பாஸ்டர்."

"அப்ப தலை குனிங்க. ஜெபிப்போம்."

பாஸ்டர் லின்டோவின் வீட்டுக்குத் தனிக் கூரை, தனி டாங்க். அது வற்றியதில்லை.

மாஸ் பின்னக் பம்பைத் திருப்பி மாட்டினார். அன்றிலிருந்து தினமும் காலையில் தன் வீட்டு டிரம்மிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு விடுதி வாசலில் நின்றார். ஆர்லீனுக்கு மட்டும். பெண்கள் விடுவார்களா?

"என்னடி, உங்கப்பா தினமும் கொண்டாறாரே, ரம்மா?"

"யோர்தான் ஆத்துத் தண்ணிடி. மாஸ் பின்னக் மகள்னா சும்மாவா?"

பிறகு வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதலில் ஆர்லீனின் அறைத்தோழி கெரி-ஆன். பிறகு அந்த மாடி முழுவதும். கழிவறையில் ஊற்றவும் அதே தண்ணீர்தான், அதுவும் அளந்து. அந்த வாரம் விடுதியின் பக்கம் போனவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக் கூடத்து மிஸ் ஐசி சோயாவைக் குறை சொன்னாள். விடுதிக் காப்பாளர் அடிவாரத்துக் கோழியைக் குறை சொன்னார்.

வாசலில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த பேச்சை ஆர்லீன்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

"டாடி, கெரி-ஆன் விடிய விடிய கக்கூஸ்லதான் உக்காந்திருந்தா. டாங்குல என்ன செத்துக் கிடக்கு?"

"ஒண்ணும் சாகல."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குப் பாட்டில்?"

அவர் சொல்லிவிட்டார். மகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "உன் மனசோட வச்சுக்க. இன்னும் கொஞ்ச நாள். பரீட்சைய எழுதிட்டுக் கிளம்பிடு."

"கெரி-ஆன் எழுத வேணாமா?"

"கெரி-ஆன் என் மக இல்ல."

இந்த வாக்கியத்தை ஆர்லீன் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது, வாயில் போட்ட எதையோ துப்ப இடம் தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில், ஜெபம் சொல்லி ஆமென் அடங்கியதும், உட்காராமல் நின்றாள்.

"நம்ம டாங்குல இருக்கிறது முழுக்குத் தண்ணி. ஞானஸ்நானம் முடிஞ்சதும் திருப்பி விட்டிருக்காங்க. குடிக்காதீங்க."

கரண்டிகள் நின்றன. முதலில் பேசியவள் கெரி-ஆன்.

"அந்த டோர்காஸ் கிழவி கால் கட்டு?"

"அதுவும்தான்."

ஒருத்தி தட்டிலேயே வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. பையன்களின் மேசையில் சிரிப்பு வெடித்தது. அவர்கள் டாங்க் வேறு.

"ஏய், பாவம் என்ன ருசிடி இருந்துச்சு? இனிப்பா, புளிப்பா?"

"இனிமே உங்களுக்கு ஞானஸ்நானமே வேணாம். உள்ளயும் கழுவியாச்சு."

கெரி-ஆன் தன் சோயாத் தட்டை எடுத்துப்போய் அவர்கள் மேசை நடுவில் கவிழ்த்தாள். எனக்கு அந்தக் கல்லூரியில் பிடித்துப்போன ஒரே காட்சி அது.

சாயங்காலம் அப்பாவும் மகளும் முதல்வர் அறையில். நான் பயிற்சி அறையில் பியானோ மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார் பாஸ்டர் லின்டோ. வருத்தமான குரல். "ஹோஸ மாத்தி மாட்டிட்டீங்க. வயசாச்சு, யாருக்கும் வரும். சபைக்கு முன்னாடி நின்னு அத நீங்களே சொல்லிட்டீங்கன்னா நல்லது."

"நீங்க சொன்னதைத்தானே பாஸ்டர் செஞ்சேன்."

"நான் தண்ணிய வீணாக்காதீங்கன்னேன். குடிக்கவா விடச் சொன்னேன்?"

"சொன்னீங்க" என்றாள் ஆர்லீன். "பிளீச் ஊத்தச் சொன்னீங்க."

"மகளே, பெரியவங்க பேசறோம்." பிறகு அவரிடம்: "சபைக்கு முன்னாடி ஒத்துக்கிட்டு மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கோங்க. நல்ல நிலைக்கு வந்துடுவீங்க. பொண்ணும் பரீட்சை எழுதும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா நான் என்ன செய்ய முடியும் பிரதர்? விதின்னு ஒண்ணு இருக்கே. நல்ல நிலைல இல்லாதவர் பிள்ளைய எப்படி உக்கார வைக்கிறது?"

"டாடி, சொல்லாதீங்க. எனக்கு இந்தப் படிப்பே வேணாம்."

"நீ வாய மூடு. ஒருதடவ திறந்தது போதும்." நாற்காலி நகரும் சத்தம். "சொல்றேன் பாஸ்டர்."

"தேவனுக்கு ஸ்தோத்திரம். தலை குனிவோம்."

வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி வந்தது. வாரக்கணக்கில் மலையேற மறுத்த லாரி. முதலில் முழுக்குத் தொட்டியை நிரப்பினார்கள். மிச்சம் இருந்ததைப் பெண்கள் விடுதிக்கு விட்டார்கள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாஸ் பின்னக். தான் முங்கவேண்டிய தண்ணீரைத் தானே நிரப்பினார்.

சனிக்கிழமைதான் எங்கள் சபைக்கு ஓய்வுநாள்; அன்று ஆராதனைக்குக் கூடம் நிறைந்துவிட்டது. கீழ் ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒருவன் தப்பை ஒத்துக்கொள்கிறான் என்றால் எங்கள் சபை குளித்து, தொப்பி போட்டு, நேரத்துக்கு வந்துவிடும். வெள்ளை அங்கியில் மாஸ் பின்னக் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

"ஹோஸ மாத்தி மாட்டிட்டேன். என் தப்பு. யாரும் சொல்லல" என்றார். சொல்லிக்கொடுத்ததைவிட ஒரு வாக்கியம் குறைவாகவே சொன்னார் என்று நினைக்கிறேன், பாஸ்டர் லின்டோ இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அவரைக் கட்டியணைத்தார். கூடமே ஆமென் என்றது. பெண்கள் விடுதியும் ஆமென் என்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மனிதரை மன்னித்தார்கள். கெரி-ஆன் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களிடம் ஒரு வழக்கம். முங்கி எழுகிறவருக்காக அவர் குடும்பத்தில் ஒருவர் துண்டோடு படியில் நிற்கவேண்டும். இவர் இனி எங்களவர் என்று சபைக்குச் சொல்வது அது. யாரும் நிற்கவில்லை என்றால் ஞானஸ்நானம் கிடையாது.

"சிஸ்டர் ஆர்லீன் பின்னக்" என்றார் பாஸ்டர்.

அவள் எழுந்திருக்கவில்லை. தொப்பிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. பாஸ்டர் எனக்குக் கண் காட்டினார். பல்லவியை மறுபடி வாசித்தேன். அவள் அசையவில்லை. மறுபடி. மாஸ் பின்னக் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி மகளைப் பார்த்தார். கெஞ்சவில்லை. விடுதி வாசலில் நிற்பதைப் போலத்தான் நின்றார்.

அவள் எழுந்து வந்தாள். நாற்காலியிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு முதல் படியில் நின்றாள்.

பாஸ்டர் லின்டோ அவர் மூக்கைப் பொத்தி, பின்னால் சாய்த்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உள்ளே வைத்திருந்து எடுத்தார். இருமிக்கொண்டே படியேறினார் மாஸ் பின்னக். ஆர்லீன் அவர் தலையில் துண்டைப் போட்டாள். கூடம் பாடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் கேட்டது.

"பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே கிங்ஸ்டனுக்குப் போயிடுவேன். இந்த மலைக்குத் திரும்பி வர மாட்டேன். நீங்களும் அங்க என்னைத் தேடி வராதீங்க."

"பரீட்சைய எழுதுவேல்ல?"

"எழுதுவேன்."

"சரி. அது போதும். காதுல தண்ணி போயிடுச்சு, துடச்சு விடு."

அவள் துடைத்துவிட்டாள். பாஸ்டர் லின்டோ அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.