மூடிய பக்கமும் ஓடிய வண்டியும்

கைபேசியில் இணையப் பக்கத்தை மூடினால் வண்டியும் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். கரையில் மீன் பெட்டி இழுக்க நானே பொருத்திய நாலு சில்லு ரோபோ வண்டி அது. பக்கத்தில் 'முன்னே' என்பதை அழுத்தினால் ஓடும், 'நில்' என்றால் நிற்கும்.

அன்று பெட்டிகளை ஏற்றி 'முன்னே' அழுத்தினேன். நேர் எதிரே மனைவியின் தம்பி மணலில் காலை நீட்டி, வலையைக் கால் பெருவிரலில் கொளுவிக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தான். பதற்றத்தில் 'நில்' என் விரலுக்கு அகப்படவில்லை. பக்கத்தையே மூடிவிட்டு, பெரிய கெட்டிக்காரன் மாதிரி இடுப்பில் கை வைத்தேன். வண்டி கடைசியாகக் கேட்டது 'முன்னே' என்பதைத்தான். அது போய்க்கொண்டே இருந்தது.

"மச்சான், எழும்படா, வண்டி வருது."

அவன் நிமிரவில்லை. "போன கிழமை சுறா வருது எண்டு கத்தினனீங்கள். இண்டைக்கு வண்டியோ? போங்கோ அத்தான்."

"பகிடி இல்லையடா."

"உங்கட பகிடியெல்லாம் இப்பிடித்தான் தொடங்கிறது."

ஓடிப்போய் அவனை இழுத்திருக்கலாம். நானோ நின்ற இடத்திலேயே பக்கத்தைத் திரும்பத் திறந்துகொண்டிருந்தேன். சில்லுச் சத்தம் கேட்டு அவன் எழும்பப் பார்த்தான். விரலில் மாட்டிய வலை விடவில்லை. பெட்டிகளோடு வண்டி அவன் முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. கால் எலும்பு முறிந்தது.