தகவல் வராவிட்டால் பச்சை

இணையப் பக்கங்கள் செய்யும் வேலையில் எனக்குப் பதினான்கு வருடங்கள். புதிதாகச் சேருகிறவர்கள் என் நல்ல வேலைகளைப் பற்றிக் கேட்பார்கள். நான் இதைத்தான் சொல்வேன்.

1. பச்சைப் பெட்டி

ஒரு கடையின் பக்கத்துக்குச் சின்னக் கம்போனென்ட் ஒன்று, அதாவது எந்தப் பக்கத்திலும் பொருத்தக்கூடிய துண்டு ஒன்று, செய்தேன். பொருள் இருந்தால் பச்சைப் பெட்டி, தீர்ந்துவிட்டால் சிவப்பு. தகவல் ஏதும் வராவிட்டால் டிஃபோல்ட் பச்சை. கடைக்காரர் அப்படித்தான் கேட்டார். ஒருமுறை செய்ததை எங்கும் போடலாம் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பிறகு தீவுப் படகுகளின் நேரம் காட்டும் பக்கம் வந்தது. எங்கள் பொறுப்பாளர் நிமலன் அண்ணை, "புதுசா ஒண்டும் செய்ய வேண்டாம். அந்தப் பெட்டியையே போடும், எழுத்தை மட்டும் மாத்தும்" என்றார். மாற்றினேன். பச்சை என்றால் 'படகு ஓடும்'.

2. நெடுந்தீவு அக்கா

ஒருநாள் அலுவலகத் தொலைபேசியில் ஓர் அக்கா அழைத்தார். தகப்பன் கடும் வருத்தத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு நெடுந்தீவுக்குப் புறப்பட்டவர்.

"காலமைப் படகுக்கே போயிருப்பன் தங்கச்சி. பின்னேரப் படகும் ஓடும் எண்டு உங்கட பக்கத்தில பச்சையாக் கிடந்தது. ஐயாவுக்கு மருந்து வாங்குவம் எண்டு யாழ்ப்பாணத்தில நிண்டிட்டன். பின்னேரம் குறிகட்டுவான் துறைக்கு வந்தா, காத்து. படகு இல்லை."

"அடுத்த நாள் போனனீங்களோ அக்கா?"

"ஓம், போனனான். ஐயா முதல்நாள் பொழுதுபடவே கண்ணை மூடிட்டார். நான் வாறனோ எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தவராம்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தேடிப் பார்த்தேன். பின்னேரப் படகு இல்லை என்று இறங்குதுறையில் காலையிலேயே முடிவெடுத்திருக்கிறார்கள். சிக்னல் இல்லாததால் அந்தத் தகவல் எங்களுக்கு வரவில்லை. காற்று எழும்பினால் படகும் நிற்கும், சிக்னலும் போகும். வேலணைத் தீவில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் கடைக்குச் செய்த பெட்டியைக் கடலுக்குப் போட்டேன்.

டிஃபோல்ட்டைச் சாம்பல் நிறமாக்கி, 'தகவல் இல்லை, துறையில் கேளுங்கள்' என்று எழுதினேன். நிமலன் அண்ணைக்குப் பிடிக்கவில்லை.

"உந்தச் சாம்பலைப் பாத்தா பக்கம் பழுது எண்டு நினைப்பினம்."

"நினைக்கட்டும் அண்ணை. இனி மாத்த ஏலாது."

ஒரு கம்போனென்ட்டை வேறிடத்தில் போடும்முன், அங்கே தகவல் எப்போது வராமல் போகும் என்று கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

திருத்தியது ஒரே ஒரு வரி. எல்லாப் படகுகளுக்கும் உடனே சரியாகிவிட்டது. அதைச் சொல்வோம் என்று அந்த அக்காவின் இலக்கத்தை எடுத்தேன். என்ன சொல்வது, சரியாகிவிட்டது என்றா?

நான் அழைக்கவில்லை.