கோதண்டபாணியின் கறவை மெஷின்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளா அபிராமபுரம் கோதண்டபாணி? தவிட்டு மூட்டையைக்கூட அவிழ்த்து, அடிவரை கைவிட்டுத் துழாவிய பிறகுதான் தூக்குவார். அப்படிப்பட்டவருக்குத் தொண்ணூற்றாறாம் வருஷம் விரல்கள் மடங்க மறுத்தன. கறக்க முடியாவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான். மனிதருக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

கறவை மெஷின் விற்கிற கிளிஃபர்ட் அந்த நேரம் பார்த்து வந்தான். "உங்க கையைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு சார். செங்கல்பட்டு தாண்டி, எங்க மெஷின் வெச்சு மாடு கறக்கற ஒரு தோட்டத்து ஓட்டல்ல ரூம் போட்டுத் தர்றோம். தங்கி, மெஷின் கறக்கறதைப் பார்த்துட்டு வாங்க. எல்லாம் ஃப்ரீ."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், வேறென்ன! ஆனாலும் விரல் வலி போகச் சொன்னது. போனார். அறையில் கட்டிலில் படுக்கவில்லை, சோப்பைப் பிரிக்கவில்லை. அனுபவித்துவிட்டால் மெஷின் வேண்டாமென்று சொல்ல வாய் வராது, அதற்குத்தான் இந்த உபசாரமெல்லாம் என்று அவருக்குத் தோன்றியது. காலையில் ஓட்டல்காரர் மாட்டின் காம்புகளில் குழாய்களை மாட்டியபோது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். மாடு பாட்டுக்கு அசைபோட்டது.

"மடில பாதிய வுட்டுட்டிருக்கும் நைனா, நவுரு" என்று குந்தி, வலியோடு காம்பை இழுத்துப் பார்த்தார். நாலு சொட்டு தேறவில்லை. வாழ்நாளில் அன்றைக்குத்தான் ஒரு பொருளை முழுசாக நம்பினார், பாவம்.

அவர் கொட்டகையில் ஒரு வழக்கம். வாங்குகிறவர்கள் விடியும்போதே பாத்திரத்தோடு வந்துவிடுவார்கள். செம்பில் தண்ணீர் இல்லையென்று அவர்கள் எதிரில் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கறப்பார். மெஷின் வந்த முதல் நாளும் கேனை மறக்காமல் கவிழ்த்துக் காட்டினார். மோட்டார் ஓடியது, கேன் நிறைந்தது. சுப்புலக்ஷ்மி மாமி மட்டும் பாத்திரத்தை நீட்டவில்லை.

"குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு யார் கண்டா? எனக்கு வேண்டாம்ப்பா."

"இன்னா மாமி, இத்தினி வருசமா எங்கைல பால் வாங்கிக்கினு கீறீங்க. என்னைத் தெரியாதா?"

"வாங்கினேன். நீ கறக்கறச்சே ஒரு நாளாவது நான் அந்தண்டை திரும்பியிருக்கேனா?"

திரும்பியதில்லை. பெண்ணுக்கு வரன் பார்ப்பதிலிருந்து முட்டி வலி வரைக்கும் மாமி நின்று பேசிய பேச்செல்லாம் பிரியத்தில் என்றல்லவா அவர் நினைத்திருந்தார். பின்னால் நின்ற மற்றவர்களும் பாத்திரத்தைக் கீழே இறக்கினார்கள்.

கோதண்டபாணி மோட்டாரை நிறுத்தினார். செம்பை எடுத்துக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, அடுத்த மாட்டின் அடியில் குந்தி, மடங்காத விரல்களால் கறக்கத் தொடங்கினார். மாமி பக்கத்தில் வந்து நின்று, பெண்ணுக்கு வந்திருக்கிற புது வரனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.