பட்டாசுப் பெட்டியில் போன கட்டுச்சோறு

எங்கள் பக்கத்தில் வெளியூர் கிளம்புகிறவர்கள் கையில் பை இருக்கிறதோ இல்லையோ, தலையில் ஒரு பட்டாசுப் பெட்டி இருக்கும். அச்சு மாறிப்போனது, ஓரம் நசுங்கியது என்று பட்டாசுக் கம்பெனியில் கழித்துப் போடுகிற அட்டைப்பெட்டிகள் எங்கள் ஏழாயிரம்பண்ணையில் எல்லா வீட்டிலும் கிடக்கும். துணிமணி அதில்தான். பருப்பு, வத்தல் அதில்தான். அடைகாக்கிற கோழிக்கும் அதுதான் வீடு. மேலே ராக்கெட் படமும் தீ எரிகிற படமும் சிவப்பு எழுத்தும் இருக்கும். நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதே கிடையாது.

அப்படியொரு பெட்டியோடுதான் நானும் என் மனைவியும் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிவர ஆலப்புழைக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் நடந்த விஷயம்தான். கார்த்திகை மாதம். தீபாவளி முடிந்து கம்பெனியில் வேலை இல்லாத நாட்கள்.

மருமகன் எங்கள் பக்கத்து ஆமத்தூர்க்காரர். ஆலப்புழையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற வீட்டுப்படகு ஒன்றில் சமையல் வேலை. அவருடைய அம்மாவையும் அங்கேயே கூட்டிப்போய்விட்டார். மூன்று பேரும் வாய்க்காலுக்கு நடுவில் திட்டு மாதிரி இருக்கிற ஒரு இடத்தில் வாடகைக்கு இருந்தார்கள். கடைக்குப் போவதென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் படகில்தான் போகவேண்டும்.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முந்தின வருடம் உண்டான பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போயிற்று. செய்தி வந்தபோது தீபாவளிச் சரக்கு லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம். என் மனைவி மட்டும் தனியாக ஓடிப்போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு பல்லி சொன்னால் நின்றுவிடுவாள். பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவாள். அதற்கு முன்னால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

எங்களில் தலைப்பிள்ளைப் பிரசவத்துக்குக் கூட்டிவரப் போகும்போது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று தனித்தனியாக வாழை இலையில் பொதிந்து, எல்லாவற்றையும் மஞ்சள் நனைத்த ஒரே துணியில் வைத்து இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சைப் பிள்ளைத்தாய்ச்சிதான் தன் கையால் அவிழ்க்கவேண்டும். வழியில் வேறு யாரும் தொட்டு அவிழ்த்தால் நல்லதில்லை என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் பேச்சு. போன தடவை நடந்ததற்குப் பிறகு என் மனைவி இதில் ஒரு சின்ன விஷயத்தைக்கூட விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. முடிச்சை அவளே போட்டாள். போட்டுவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தது நான். நான் பேக்கிங் பகுதியில் வேலை பார்க்கிறவன். நசுங்காத, கனமான அட்டையாகப் பார்த்து எடுத்தேன். அடியில் சிவகாசி அச்சாபீசிலிருந்து வருகிற காகித வெட்டுத்துண்டுகளைப் பரப்பி, நடுவில் கட்டுச்சோற்றை வைத்து, சுற்றிலும் மறுபடி காகிதத்துண்டு அடைத்து, சணலால் கட்டினேன். எங்கள் கம்பெனியில் புஸ்வாணத்தை எப்படிக் கட்டி அனுப்புவோமோ அதே மாதிரி. இது தவிர வளைகாப்புக்கு வளையல் பை, விருதுநகர் மிளகாய் வத்தலும் மல்லியும் ஒரு சாக்கில், முறுக்கு டின் ஒன்று.

இராஜபாளையம், தென்காசி, கொல்லம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். எல்லா பஸ்ஸிலும் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கூட்டம். குளிருக்குப் பயந்து என் மனைவி போர்வையைப் பெட்டிமேல் போட்டு அதில் சாய்ந்தபடியே தூங்கினாள். அதனால் பெட்டியை யாரும் கவனிக்கவில்லை.

விடிந்து ஆலப்புழையில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வாய்க்கால். அதன் கரையோடு நடந்தால் படகுத்துறை. தண்ணீர் தெரியாத அளவுக்கு ஆகாயத்தாமரை, அதை ஒதுக்கிக்கொண்டு படகுகள். பலகையில் இருக்கிற எழுத்தெல்லாம் எனக்கு வட்டம் வட்டமாகத்தான் தெரிந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே போன் மருமகனிடம். அவர் வீட்டுப்படகோடு காயல் என்கிற பெரிய ஏரிக்குள் இருந்தார், அங்கே போனில் பிடிக்க முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இறங்கவேண்டிய துறையின் பெயரை மகள் சொல்லித் தந்திருந்தாள். மனைவி அதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இம்புட்டுத் தண்ணியையும் வச்சுக்கிட்டு இவுக என்னத்தத்தான் செய்வாகளோ" என்றாள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

வத்தல் சாக்கை முதலில் படகில் வைத்தேன். அடுத்துப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கினேன். படகு கண்டக்டர் ஒரு காலைக் குறுக்கே வைத்தார். காக்கிச் சட்டை போட்ட, நரைத்த மீசைக்காரர். பெட்டியில் இருந்த ராக்கெட்டை விரலால் தொட்டுக் காட்டினார். பட்டாசைப் படகில் ஏற்ற முடியாது என்று சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

அப்போதுதான் நானே அந்தப் பெட்டியை முதன்முதலாகப் பார்த்தேன். நான்கு பக்கமும் நெருப்பு.

மனைவி முன்னால் வந்து, சோறு, சோறு என்று வாயருகே கையைக் குவித்துக் காட்டினாள். அப்படியானால் திற என்றார் அவர். பெட்டியைத்தானே என்று நானும் சணலை அறுத்துத் திறந்தேன். அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. உள்ளே காகிதத்துண்டு. நடுவில் மஞ்சள் துணியில் இறுக்கிக் கட்டிய, தலையணை அளவுக்கு ஒரு பொட்டலம். எட்டிப் பார்த்த ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு படகின் பின்பக்கம் போனாள். இரண்டு பேர் கரைக்கே இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் என் விரல்களைப் பார்த்தார். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து கொஞ்சம் ஒட்டியே இருக்கும்.

"அண்ணாச்சி, அந்தக் கெட்டு அழிக்கூ" என்றார். முடிச்சையும் அவிழ்க்கச் சொல்கிறார்.

மனைவி பொட்டலத்தின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "எம் மக அவுக்காம இத ஒருத்தரும் தொடப்படாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பேசுங்க. ஆம்பள தானே. பெட்டி எடுக்கத் தெரிஞ்சதுல்ல, பேசத் தெரியாதா?" என்றாள்.

எனக்குப் பேச்சு வராது. ஊரிலேயே நாலு பேர் நிற்கிற இடத்தில் பேசமாட்டேன். மேஸ்திரியிடம் லீவு கேட்பதென்றால்கூட மனைவிதான் வருவாள். பெல் அடித்துவிட்டார்கள். படகில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். வத்தல் சாக்கை யாரோ கரையில் தூக்கி வைத்தார்கள். இந்தப் படகு போனால் அடுத்த படகிலும் இதே கதைதான், கட்டுச்சோறு மகள் கைக்குப் போய்ச் சேராது. முடிச்சை அவிழ்த்தால் என் மனைவி அந்தக் குழந்தை பிறக்கிற வரைக்கும் தூங்கமாட்டாள். இது இரண்டும் எனக்குத் தெரிந்தது.

நான் கண்டக்டரின் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சார், எம் பிள்ளைக்குப் போன தடவ தங்கல. இந்தக் கட்ட அவ கையாலதான் அவுக்கணும். எங்கள ஏத்த வேண்டாம். அவகிட்ட மட்டும் சொல்லிருங்க, நாங்க இங்கன நிக்கிறோம்னு."

அந்த விஷயத்தை நான் அதுவரைக்கும் வெளியில் ஒருவரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூடச் சொன்னதில்லை. தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எந்தத் துறை என்று கேட்டார். மனைவி பெயரைச் சொன்னாள். வீட்டுப்படகில் சமைக்கிற தமிழனின் பெண்டாட்டியா என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். சொல்லிவிடுகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். எங்களை ஏற்றாமலே படகு போய்விட்டது.

தூறல் ஆரம்பித்தது. துறைக்கு எதிரில் ஒரு டீக்கடை. கடைக்காரர் உள்ளே வந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். சாக்கையும் டின்னையும் உள்ளே வைத்தேன். பெட்டியை மட்டும் என் துண்டால் மூடி, எதிர்ச் சுவரோரம் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நான் அடுப்பைக் காட்டினேன்.

"சோறு வெடிக்குமாக்கும்?" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பு நிற்காமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பில் வந்ததுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சோறு என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் இருபது வருடமாக, அந்தப் பெட்டி இருக்கிற இடத்தில் நெருப்பு இருக்கக்கூடாது என்று பழகிய உடம்பு உள்ளே போகமாட்டேன் என்றது.

சிரித்து முடித்ததும் அவளுக்கு வேறு பயம் வந்துவிட்டது. மழையில் ஏழு மாதக்காரி படகில் ஏறி வரவா என்று. அவளிடம் ஏன் சொல்லச் சொன்னீர்கள், வழுக்கினால் என்ன ஆகும் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படகு திரும்பும்போதும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள்.

அந்த மீசைக்காரரின் படகுதான் திரும்பி வந்தது. மகள் குடை பிடித்தபடி முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்திருந்தார். கண்டக்டர் மற்றவர்களை நிறுத்திவைத்துவிட்டு இவர்களை முதலில் இறக்கினார்.

மகள் பெட்டியைப் பார்த்தாள். "யப்பா, வேற பெட்டியே கெடைக்கலையா?" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சம்பந்தியம்மா விடவில்லை. "மதினி, பேரப்பிள்ளைக்குச் சோறு கொண்டாந்தீகளா, கோயில் கொடைக்கு வெடி கொண்டாந்தீகளா? தொறையே நடுங்குதாம்ல" என்றார். ஆனால் சொல்லிக்கொண்டே என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் விளக்கேற்றி வைத்துத்தான் அவிழ்ப்பது வழக்கம், இங்கே அவிழ்க்கலாமா என்று என் மனைவி தயங்கினாள். கை யாருடையது என்பதுதான் கணக்கு, இடம் எதுவாக இருந்தால் என்ன என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்.

டீக்கடைப் பெஞ்சில் பொட்டலத்தை வைத்தோம். பெஞ்சுக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் அடுப்புக்கும் பொட்டலத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். மகள் முடிச்சில் கை வைத்தாள். ஈரத்தில் துணி இறுகிப்போயிருந்தது. நகத்தால் கிள்ளினாள், வரவில்லை. வேறு பக்கம் பிடித்து இழுத்தாள், இன்னும் இறுகியது. என் மனைவியின் கை தானாக முன்னால் போனது. போனதை அவளே இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். டீக்கடைக்காரர் கத்தியை எடுத்து நீட்டினார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். அவர் பயந்து கத்தியை உள்ளே வைத்துவிட்டார்.

மகள் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு விட்டது.

புளிச்சோற்று வாசனை கடை முழுக்க வந்தது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியம்மாதான் ஒரு இலையைப் பிரித்து மகளுக்கு ஒரு வாய் ஊட்டினார். அடுத்த இலையை, கடை வாசலில் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டருக்கு நீட்டினார். அவர் வேலை நேரம் என்று மறுத்துப் பார்த்தார். பிறகு நின்றுகொண்டே தின்றார். எள்ளுச்சோறு என்னவென்று கேட்டுக் கேட்டுத் தின்றார். பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிய அந்தப் பெண் எங்கே என்று தேடினேன், அவள் முதல் படகிலேயே போயிருந்தாள். தயிர்ச்சோறு மட்டும் புளித்துவிட்டது.

மிச்சத்தைத் திரும்பக் கட்டி எடுத்துப்போகப் பெட்டி வேண்டும். அடுத்த படகிலும் ஆட்கள் பயப்படுவார்களே என்று கண்டக்டர் யோசித்தார். நான் பெட்டியை மடித்துப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடக்கினேன். அது எனக்குக் கைவந்த வேலை. வெறும் அட்டைப்பெட்டி ஆகிவிட்டது. இதை முதலிலேயே செய்திருக்கக்கூடாதா என்று மனைவி கேட்டாள்.

வளைகாப்பை அன்று மத்தியானம் வீட்டில் வைத்து முடித்தோம். மருமகன் அதற்குள் வந்துவிட்டார். அக்கம்பக்கத்து மலையாளத்துப் பெண்களும் வந்து வளையல் போட்டார்கள். மறுநாள் காலையில் கிளம்பினோம். வரும்போது இருந்ததைவிடச் சாமான் கூடியிருந்தது. தேங்காய் ஒரு சாக்கு, நேந்திரங்காய் வற்றல், மகளின் துணிமணி, சம்பந்தியம்மா தந்த புதுப் பாய். பிரசவத்துக்குப் போகிறவள் போய்வருகிறேன் என்று சொல்லாமல் போகவேண்டும் என்பது வழக்கம், அதனால் மகள் ஒன்றும் சொல்லாமல் படகில் ஏறினாள். மருமகனால் எங்களோடு வர முடியாது. படகு வேலை. கரையில் நின்று, சாமான் எல்லாம் ஏறிவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நகரத்துத் துறையில் இறங்கும்போது கூட்டம். மனைவி முதலில் கரைக்குத் தாண்டி மகளின் துணிப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். எனக்குத் தலையில் தேங்காய்ச் சாக்கு, ஒரு கையில் பாய், ஒரு கையில் பெட்டி. நான் இறங்கிவிட்டேன். மகள் படகின் விளிம்பில் நின்றாள். படகு ஆடியது. கல்லுக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்து தெரிந்து மறைந்தது. அவள் கீழே பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

பெரிய மனுஷியான பிறகு நான் என் மகளைத் தொட்டதில்லை. எங்களில் அப்படித்தான். கல்யாணத்தில் தாரைவார்த்தபோது தொட்டதோடு சரி. தலையிலிருந்த சாக்கை அப்படியே போட்டேன். தேங்காய்கள் உருண்டு ஓடின. பெட்டியையும் பாயையும் விட்டேன். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் பிடித்துக்கொண்டு தாண்டினாள். கை முழுக்கப் புது வளையல். அது என் உள்ளங்கையில் அழுந்தியது.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் தை மாதம் பேத்தி பிறந்தாள். துறையில் இறங்கிய அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மகள் என் கையை விடவில்லை, நானும் விடவில்லை. தேங்காயைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, பாயையும் பெட்டியையும் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே என் மனைவி பின்னால் வந்தாள்.