பனங்கட்டிச் சார்ஜன்

எங்கள் அக்கா இராசேஸ்வரியைக் கட்டிய யோகநாதன் அத்தானுக்கு முள்ளியவளையில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: பனங்கட்டிச் சார்ஜன். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிவில்லை, அவருடைய மீசை அப்படி. சைக்கிள் சந்தியைத் தாண்டியதும் கடைக்காரர் முதல் கோயில் ஐயர் வரை எல்லோரும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பொலிஸில் சேர்ந்த நாளிலிருந்து அத்தானுக்கு ஒரே ஒரு ஆசை, இன்ஸ்பெக்டராக வேண்டும். ஐம்பதுகளில், இந்தியாவிலிருந்து களவாக வந்து இறங்குகிறவர்களைப் பிடிக்க இலங்கையின் வடக்குக் கரையெங்கும் காவல் போட்டபோது அவரை நாயாற்றுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வெயிலையும் நுளம்புக் கடியையும் திட்டிக்கொண்டு போன இடத்துக்கு அவர் மாப்பிள்ளை மாதிரிப் போனார். கள்ளத்தோணி என்று சொல்லப்பட்ட அந்த ஆட்களைப் பிடித்தால் மேலிடத்தில் பெயர் எடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். எனக்கு அந்த வேலை அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பிழைக்க வழியில்லாதவனை வழிமறிப்பதில் என்ன வீரம் இருக்கிறது?

ஆனால் அத்தான் யாரையும் அடிக்க மாட்டார். சந்தேகத்தில் பிடித்தவனை வாங்குப் பலகையில் இருத்தி, பாலும் சீனியும் போடாத ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியும் பனஞ்சாற்றில் காய்ச்சிய ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுப்பார். எங்கள் பக்கத்து ஆட்கள் யோசிக்காமலே பனங்கட்டியை ஒரு கடி கடித்து, தேத்தண்ணியில் ஒரு மிடறு குடிப்பார்கள். அக்கரையிலிருந்து வந்தவன் அதைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்குவான், அல்லது கையில் வைத்துக்கொண்டு முழிப்பான் என்பது அத்தானின் கண்டுபிடிப்பு. கடித்தவன் வீட்டுக்குப் போகலாம், கடிக்காதவன் முல்லைத்தீவு மறியல் சிறைக்குப் போகவேண்டும். இப்படி அகப்பட்ட சிலர், தாங்கள் அக்கரைதான் என்று வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள். அதோடு அத்தானின் புகழ் வவுனியாவில் மேலதிகாரியின் கந்தோர் வரை போய்விட்டது.

நாயாற்றில் வலை போடும் மத்தேயு மட்டும், "சார்ஜன் ஐயா, எனக்கு இண்டைக்குப் பல்லுக்கொதி, பனங்கட்டி கடிக்க ஏலாது. என்னையும் இந்தியாவுக்கு அனுப்பப் போறீங்களோ?" என்று பகிடி விட்டான். அத்தான் சிரிக்கவில்லை.

ஐம்பத்தெட்டு இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த சில இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் வன்னியில் கூலிவேலை செய்து பிழைத்தன. அப்படி வந்தவன்தான் செல்லமுத்து. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உடையார்கட்டில் வயல் செய்த அப்புத்துரையிடம் வேலைக்கு நின்றான். முதலாளி வீட்டுக்குக் கருவாடு வாங்க நாயாற்றுக்கு வந்த இடத்தில் அகப்பட்டான். பேச்சு இந்தியப் பேச்சாக இருந்தது. "தோட்டத்துல பொறந்தவங்க நானு" என்றான். பிடிபடுகிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்பதால் அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தேத்தண்ணி வந்தது. செல்லமுத்து அதை வெறுமனே குடித்துவிட்டுப் பனங்கட்டியை மடியில் செருகிக்கொண்டான். இது எதற்கென்றே தெரியாத ஆள் என்று அத்தான் மேலிடத்துக்குச் சொன்னார். அவனை நாடு கடத்த உத்தரவாகி, தலைமன்னாரில் கப்பலேற்றுவதற்காக வவுனியாவில் வைத்திருந்தார்கள். அந்த வாரமே அத்தானை இன்ஸ்பெக்டராக்கச் சிபாரிசு போயிருக்கிறது என்ற செய்தியும் வந்தது. வவுனியாவில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் கோழிகளை யாரிடம் விட்டுப் போவது என்று அக்கா கவலைப்படத் தொடங்கிவிட்டார்.

ஒரு மத்தியானம் செல்லமுத்துவின் மனைவி ராக்காயி சின்னப் பெண்பிள்ளையோடு அத்தான் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன். அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை.

"ஐயா, அவரை விடச் சொல்லுங்க. நீங்க நல்லவங்கன்னு அவருதான் சொன்னாரு. முல்லைத்தீவுல பாக்கப் போனப்ப, மடியிலேருந்து கருப்பட்டிய எடுத்துப் புள்ளைக்குக் குடுத்தாரு. போலீஸ் ஐயா குடுத்தாங்க, நான் திங்காம வச்சிருந்தேன்னாரு."

அத்தான், அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் போய் நின்றார். அக்கா அவர்களுக்குச் சோறு போட்டார். பிள்ளை சாப்பிட்டு முடிய முன்பே அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு உடையார்கட்டுக்குப் புறப்பட்டார்.

அப்புத்துரை முதலில் நழுவினார். "கள்ளத்தோணியை வைச்சிருந்தனான் எண்டு என்னையும் கொண்டுபோவினம், சார்ஜன்."

"அவன் உங்களோட நிண்டவன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. பிழை விட்டது நான் எண்டு நான் சொல்லுறன்."

அடுத்த நாள் பஸ்ஸில் அப்புத்துரையை நடுவில் இருத்தி, நாங்கள் இரண்டு பக்கமும் இருந்தோம். மனிசன் இடையில் இறங்கி ஓடிவிடுவார் என்ற பயம் எங்களுக்கு. ஆனால் வவுனியாக் கந்தோரில் அவர் பயந்து பயந்தாவது, செல்லமுத்து மலைநாட்டிலிருந்து வந்து தன்னிடம் வேலைக்கு நின்றவன் என்ற உண்மையைச் சொன்னார். பிறகு மேலதிகாரி அத்தானைப் பார்த்தார். கதவு திறந்திருந்ததால் வெளி வாங்கில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"யோகநாதன், உம்மட பிழை எண்டு நீர் சொன்னால் சிபாரிசு அதோட சரி. யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சுத்தான் வந்தனான், சேர். அவன் இஞ்சத்தை ஆள். பிழை என்ரதான்."

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. "சரி, இவனை விடுவம். இதுக்கு முந்தி அனுப்பின ஆக்களையும் நீர் இப்பிடித்தானே பிடிச்சனீர்?" என்று கேட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். அவனை விட்டதற்காகச் சல்யூட் அடித்த கையை இறக்க மறந்து அத்தான் நின்றார். அந்த நேரம் எனக்கு அவர்மேல் வந்த பாசம் அக்காவின் கலியாணத்தன்றுகூட வந்ததில்லை.

செல்லமுத்து விடுதலையானான். அத்தான் கடைசிவரை சார்ஜனாகவே இருந்து பென்சனோடு இளைப்பாறினார். அக்கா சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டார். விடுதலையான அந்த வருட அறுவடை முடிந்ததும் செல்லமுத்து குடும்பத்தோடு புது அரிசி கொண்டுவந்து அத்தானைக் கும்பிட்டான். அத்தான் அரிசியை வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலே போனேன்.

"அவன் கும்பிடுறான். நீங்கள் இஞ்ச வந்து நிக்கிறியள், அத்தான்."

"நான் பிடிச்சு அனுப்பின ஆக்களில், கப்பலேறும் வரைக்கும் இந்த நாட்டு ஆள் எண்டு சொல்லிக்கொண்டே போனவையும் இருக்கினம், மச்சான்" என்றார். "அவங்களுக்காக என்ர படலைக்கு ஒருத்தரும் வரேல்லை."