கடித நோட்டுகளுக்காகக் கூலிம் பக்கம் ஒரு ஞாயிறு

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் பதினொரு பழைய நோட்டுப் புத்தகங்களை விலைக்கு வாங்கப் போனேன். வாங்க முடியவில்லை. ஆனால் காரியம் முடிந்தது. ஆய்வு, தகவல் சேகரிப்பு என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

நோட்டுகள் எனக்கல்ல, என் தங்கை மகள் நளினிக்கு. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத தோட்டத் தொழிலாளர்கள் எப்படி எழுதப் படிக்கக் கற்றார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். அந்தத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய வீராசாமி, மற்றவர்களுக்காகக் கடலுக்கு அப்பால் இருந்த சொந்த ஊருக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தவர். ஏர்மெயில் தாள் வீணாகக் கூடாதென்று முதலில் நோட்டில் எழுதிப் பார்ப்பாராம். முதல் கடிதத்தில், அனுப்புகிறவர் தன் பெயரை மட்டுமாவது தன் கையால் எழுத வேண்டும். அடுத்ததில் ஒரு வரி. பிறகு இரண்டு. மறுத்தால் கடிதம் கிடையாது. ஒவ்வொருவர் கையெழுத்தும் கோணல்மாணலாகத் தொடங்கி நிமிர்வதை அந்த நோட்டுகளில் பார்க்கலாம். நளினியின் ஆய்வுக்கு அதுதான் முதுகெலும்பு. கிடைக்காவிட்டால் இரண்டு வருட உழைப்பு பாதியில் நிற்கும்.

ஜித்ராவில் என் ஜவுளிக்கடை வாசலிலிருந்து நளினியும் நானும் காலை 6.40க்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் குருண் பக்கம் நிறுத்திப் பசியாற நாசி லெமாக் சோறு, தே தாரேக் டீ, இரண்டு பேருக்கும் 13 வெள்ளி (ரிங்கிட்). சுங்கைப்பட்டாணி தெற்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி பாடாங் செராய் வழியாகப் போனோம். வண்டி மீட்டரில் 112 கிலோமீட்டர். கடைசி நான்கு கிலோமீட்டர் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே மண் சாலை. அங்கே போனில் வழி காட்டாது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரை நிறுத்திக் கேட்டேன்.

"சரோஜா வீடா? கோயிலத் தாண்டி லெஃப்ட்டு, நீல கேட்டு. நாய் கொரைக்கும், கடிக்காது லா. இன்சூரன்ஸ் விக்க வந்தீங்களா?"

"இல்லப்பா."

"அப்ப காப்பி கெடைக்கும்."

சரோஜா வீராசாமியின் மகள். நோட்டுகள் அவரிடம்தான் இருக்கின்றன. கூலிம் தொழிற்சாலை ஒன்றில் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, எங்களுக்காகத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். மணி 9.15. காப்பி வந்தது. நான் வியாபாரி, பாதி காப்பியிலேயே விலையைச் சொல்லிவிட்டேன்.

"சரோஜா, பதினொரு நோட்டு. ஆயிரத்து இருநூறு வெள்ளி. கையோட தரேன்."

"அண்ணே, இது என்ன சேலைக் கடையா? இதுல முப்பது வீட்டு ரகசியம் இருக்கு. ஊர்ல பொண்டாட்டி இருக்கறத மறைச்சவரு, பிள்ளையத் தத்து கொடுத்தவங்க எல்லாம் இருக்காங்க. பேரப்பிள்ளைங்க இதே வரிசையிலதான் குடியிருக்கு. நாளைக்கு புக்குல வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இங்க இருக்கறது?"

"பேரு போட மாட்டேன் அக்கா" என்றாள் நளினி.

"கோயிலுக்கு எதிர்வீடுன்னு போட்டா போதும்மா. சின்னப்பிள்ள கூட ஆளக் காட்டிடும்."

நான் விடவில்லை. "எல்லாம் பழைய கதை. இப்ப யாருக்கு வலிக்கப் போவுது?"

சரோஜா எழுந்து உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து, ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். என் அப்பா தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம். எனக்கு ஆறு வயதாகும் வரை நாங்களும் இதே தோட்டத்தில்தான் இருந்தோம். கடைசி இரண்டு வரிகள் அப்பாவின் சொந்தக் கை, எழுத்து ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு: 'நான் இப்போது கங்காணி. எனக்குக் கீழே இருபது ஆள்.' அதற்கடியில் வீராசாமி சிவப்பு மையில் குறித்திருந்தார்: 'பொய். புல் வெட்டுகிறான்.'

நளினி சிரித்தே விட்டாள். "தாத்தா கங்காணின்னு அம்மா எவ்ளோ பெருமையா சொல்லும், மாமா!"

"இதையும் போட்டுரலாமாண்ணே?" என்றார் சரோஜா. "யாருக்கும் வலிக்காதுன்னீங்களே."

வர்த்தகர் சங்க விருந்துகளில் கங்காணி மகன் என்றுதான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்வேன். இப்போது அதைக் கேட்டிருந்த அத்தனை முகமும் கண்முன் வந்தது. அந்த இரண்டு வரிகளை மறுபடி படித்தேன். பெயர்கூட எழுதத் தெரியாமல் கப்பலேறிய மனிதர், பொய்யையாவது தன் கையால் எழுதியிருக்கிறார்.

"போடு" என்றேன் நளினியிடம். "பேரோட போடு. சிவப்பு மையையும் சேர்த்து."

சரோஜா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா? அப்ப உங்களக் காட்டியே மத்த வீட்டுல கேட்டுரலாம்."

அதன் பிறகு பேச்சு சுலபமாக நகர்ந்தது. இப்படிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: பணத்தை முதலில் எடுக்காதீர்கள். எதிரில் இருப்பவர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அது தெரியாமல் சொல்லும் விலை எல்லாம் தப்பு விலைதான். ஞாயிறு காலையில் போங்கள், மற்ற நாளில் ஷிஃப்ட். மழை பெய்திருந்தால் தாழ்ந்த கார் வேண்டாம். போக வர பெட்ரோல், டோல் சேர்த்து எனக்கு 60 வெள்ளி ஆனது.

மதியம் 12.30க்குப் பேசி முடித்தது இது. நோட்டுகள் சரோஜா வீட்டைவிட்டு வெளியே போகாது. நளினி மாதம் இரண்டு ஞாயிறு அங்கேயே வந்து படமெடுப்பாள். அந்தந்த வீட்டார் தங்கள் கடிதத்தை வாசித்துச் சம்மதித்தால்தான் அந்தப் பக்கம் வெளியே வரும். மறுத்தால் கேள்வி கேட்கக் கூடாது. ஆய்வில் வீராசாமியின் பெயர் முழுதாக இருக்கும். நளினி வரும் நாளெல்லாம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் முறையிலேயே கடிதம் எழுதப் பழக்க வேண்டும், ஒரு மணி நேரம். ஞாயிறு ஓவர்டைமை விடுவதற்கு ஈடாகச் சரோஜா 90 வெள்ளி கேட்டார், நான் 80 என்றேன். ஒரு ஞாயிறுக்கு 85 என்று முடிந்தது, என் செலவு.